பாட்டிலில் கிடந்த பட்டாணி

சக்‌ஷன் பாட்டிலைக் கழுவச் சொன்னால் உங்கள் முகம் போகிற போக்கை நான் பார்த்திருக்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் பிள்ளைகளே, நோயாளியிடமிருந்து உறிஞ்சியதெல்லாம் வந்து சேருகிற அந்தப் பாட்டிலைப் பார்த்து நானும் மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். குழாயை உள்ளே விட்டுப் பார்ப்பது, கம்பியைச் செலுத்துவது, பலூனை ஊதி அடைப்பைத் திறப்பது என்றெல்லாம் படித்துவிட்டு வருகிறீர்கள். வந்த முதல் வாரமே கையில் பிரஷ்ஷைக் கொடுத்துத் தொட்டியருகே நிறுத்திவிடுகிறார்கள். கோபம் வரத்தான் செய்யும். ஆனால் நான் இத்தனை வருடத்தில் செய்த ஒரே உருப்படியான கண்டுபிடிப்பு அந்தத் தொட்டியருகேதான் நடந்தது. அதற்கு முன்னால் ஒரு பெரிய தப்பும் செய்தேன். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பாதி. கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை. எனக்குச் செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனை. எண்டோஸ்கோபி அறையில் நான் ஒருத்திதான் டெக்னீஷியன். வருகிறவர்கள் எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் ஐந்து வருடம் திருத்திப் பார்த்தேன், பிறகு சிஸ்டராகவே இருந்துவிட்டேன். உங்களைப் போல டிவித் திரை எல்லாம் எங்களுக்குக் கிடையாது. குழாயின் வெளி முனையில் ஒரு கண்ணாடி இருக்கும், டாக்டர் அதில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்ப்பார். அவர் பார்ப்பது எனக்குத் தெரியாது. அவர் உள்ளே பார்ப்பார், நான் நோயாளியின் முகத்தைப் பார்ப்பேன். எங்களுக்குள் வேலைப் பிரிவினை அவ்வளவுதான்.

டாக்டர் கெட்டிக்காரர். கை அவ்வளவு லேசு. ஒரு குறை, பொறுமை கொஞ்சம் கம்மி. அவருடைய பொறுமைக் குறைவுக்கு முக்கியக் காரணம், பட்டினியாக வரச் சொன்னால் பட்டினியாக வராத நோயாளிகள். ஒருவர் டீதானே என்பார். இன்னொருவர் பன்னுதானே என்பார். அதனால் நானே ஒரு சீட்டு எழுதி நகல் எடுத்து வைத்திருந்தேன். "முதல் நாள் இரவு பத்து மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது." பெரிய எழுத்தில், அடியில் இரண்டு கோடு. அந்தச் சீட்டில் எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. யார் வந்தாலும், என்ன தொந்தரவு என்றாலும் அதே சீட்டுதான்.

ஒரு திங்கட்கிழமை மரகதம் அக்கா அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு போனார். கோவளம் கடற்கரையில் மீன் ஏலம் விடுகிறவர். ஐம்பது வயதிருக்கும். குரல் வெண்கலம், உடம்பு மட்டும் கொடியில் காயப்போட்ட புடவை மாதிரி. சாப்பாடு இறங்கவில்லை, நெஞ்சிலேயே நிற்கிறது என்று பல வருடமாகக் கேஸ் மாத்திரை தின்றிருக்கிறார். கூட மகன் செல்வம் வந்திருந்தான்.

"மூணு வாரத்துல பொண்ணுக்குக் கல்யாணம், சிஸ்டரு. மறுநாள் சம்பந்தி விருந்து. சம்பந்தியம்மா பக்கத்துல குந்திகினு நான் துன்னணும். பாதில எழுந்து போனா அசிங்கமாப்பூடும். ஏற்கெனவே அந்தம்மா மனசுல இன்னமோ கீது. நம்ம கையால குட்த்தா இவ துன்ன மாட்டேன்றாளேன்னு யார்கிட்டயோ சொல்லிகீறாங்க."

"நாளைக்குப் பார்த்துடலாம்க்கா. இந்தச் சீட்டுல இருக்கிறபடி மட்டும் வாங்க" என்றேன். எப்படிச் சாப்பிடுகிறீர்கள், எது நிற்கிறது, நின்றால் என்ன செய்வீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் அவ்வளவையும் கொட்டியிருப்பார். நான் கேட்கவில்லை. சீட்டு இருக்கும்போது பேச்சு எதற்கு என்ற நினைப்பு.

மறுநாள் காலை சரியாக வந்தார். தொண்டைக்கு மருந்து அடித்து, ஊசி போட்டு, இடது பக்கமாகப் படுக்க வைத்தோம். டாக்டர் குழாயை இறக்கினார். ஒரு சாண்கூடப் போயிருக்காது.

"என்னம்மா இது? உள்ளே ஒரே சோறு."

அவர் குழாய் வழியாகவே உறிஞ்சப் பார்த்தார். அதன் துளை எவ்வளவு சின்னது என்று உங்களுக்குத் தெரியும். உடனே அடைத்துக்கொண்டது. அவர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் அதைச் சரி செய்யப் பார்க்கிறார். நான் முகத்தைப் பார்க்கிறேன். அக்காவின் தொண்டையில் களகளவென்று ஒரு சத்தம். கடைவாயில் சோறு வழிகிறது. உதடு கறுத்துக்கொண்டே வருகிறது.

"சார், குழாயை எடுங்க" என்றேன். அவருக்கு நான் உத்தரவு போட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவர் மறு பேச்சில்லாமல் எடுத்தார். தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, முகத்தைக் கீழ்நோக்கித் திருப்பி, துணி சுற்றிய விரலால் வாயிலிருந்ததை வழித்தேன். பெரிய உறிஞ்சு குழலை உள்ளே விட்டேன். பாட்டில் பாதிக்கு மேல் நிறைந்தது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, எனக்கு ஒரு யுகமாக இருந்தது. பிறகு அறையே அதிர ஒரு இருமல் இருமினார். உதட்டில் நிறம் திரும்பியது. ஒரு கண்ணை மட்டும் திறந்து, "முட்சிட்டீங்களா?" என்று கேட்டார்.

டாக்டர் பயந்துவிட்டார். பயந்துபோன மனிதருக்குக் கோபம் வரும், அது உங்களுக்கும் வரும், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வெளியே போய்ச் செல்வத்திடம் கொட்டித் தீர்த்துவிட்டார். "வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு வந்திருக்காங்க. உயிர் போயிருக்கும், தெரியுமா?" என்றார். செல்வம் அப்படியே அம்மாவிடம் திரும்பினான்.

"இன்னாம்மா இது? பொய் சொல்லிகினு வந்து குந்துவியா நீ?"

மயக்கம் தெளியாத நாக்கோடு அக்கா, "சாமி சத்தியமா துன்னலடா" என்றார். யாரும் நம்பவில்லை. நான்தான் அதிகமாக நம்பவில்லை. ஆதரவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "ஒரு இட்லிதானேன்னு நினைச்சிருப்பீங்க, பரவாயில்லக்கா" என்று வேறு சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். சாயந்திரம் வரை வைத்திருந்து, நெஞ்சில் சளிச் சத்தம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு வீட்டுக்கு அனுப்பினோம். ஒழுங்காகப் பட்டினி இருக்க முடியும் என்றால் வாருங்கள் என்று டாக்டர் சொன்னார். இனிமேல் இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று அக்கா சொன்னார்.

அதற்குப் பிறகுதான் பாட்டிலைக் கழுவப் போனேன். கவிழ்த்தேன். தொட்டியில் சோற்றோடு சோறாகப் பட்டாணி. சுண்டல் பட்டாணி, விழுங்கியது விழுங்கியபடி முழுசாகக் கிடந்தது. அதுகூட எனக்கு உடனே உறைக்கவில்லை. வழக்கம்போல மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்தவளுக்கு, ஒரு கட்டத்தில் மூச்சு முட்டி இழுக்க வேண்டியதாயிற்று. அப்போதுதான் கவனித்தேன், புளித்த வாடை இல்லை. ஊசிப்போன சோற்று நாற்றம் இருந்தது, வாந்திக்கே உரிய அந்தப் புளிப்பு இல்லை. வயிற்றுக்குள் போய்த் திரும்பி வந்த எதற்கும் அந்தப் புளிப்பு இருக்கும். இந்தச் சோறு வயிற்றைப் பார்க்கவே இல்லை.

உணவுக்குழாயின் அடியில் ஒரு வால்வு இருக்கிறது. நாம் விழுங்கும்போது அது தானாகத் திறந்து வழிவிட வேண்டும். சிலருக்கு அது திறக்க மறந்துவிடும். அப்படிப்பட்டவர்களுக்குக் குழாயே பை மாதிரி விரிந்து, தின்றதெல்லாம் நாள்கணக்கில் அங்கேயே நிற்கும். இரவு பத்து மணிக்கு வாயைக் கட்டினால் வயிறுதான் காலியாகும், அந்தப் பை காலியாகாது. அக்கா சீட்டில் இருந்தபடிதான் நடந்திருக்கிறார். சீட்டுதான் தப்பு. சீட்டை எழுதியது நான்.

நாலு பட்டாணியைக் கழுவி, பரிசோதனைக்கு எடுத்த சதைத் துணுக்குகளைப் போட்டு வைக்கிற சின்னக் குப்பியில் போட்டு, பெயர் எழுதி ஒட்டி டாக்டர் மேசையில் கொண்டு போய் வைத்தேன். அவர் குப்பியைத் தூக்கிப் பார்த்தார்.

"இது என்ன கட்டி?"

"பட்டாணி சார்."

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் குப்பியை மெதுவாக மேசையில் வைத்தார். பிறகு, "பத்து வருஷமா இந்த வியாதியைப் பத்திப் படிச்சுட்டு இருக்கேன். இன்னைக்குக் கண்ணு முன்னாடி வந்து நின்னுது, சோறு தின்னுட்டு வந்துட்டாங்கன்னு விரட்டிட்டேன்" என்றார். அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு வர முடியுமா என்று கேட்டார். போன் நம்பர் கிடையாது. விலாசத்தில் கோவளம் என்று மட்டும் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறி, கோவளத்தில் இறங்கிக் கடற்கரைக்கு நடந்தேன். கூட்டத்தின் நடுவில் அக்கா மணலில் கொட்டிய சங்கரா மீனை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குரலுக்கு மைக் வேண்டாம். அவர் வாயிலிருந்து வந்த பேச்சு அங்கே முடிந்த பேச்சு, அதற்கு மேல் ஒருவரும் வாய் திறப்பதில்லை. என்னைப் பார்த்துவிட்டார்.

"வாம்மா சிஸ்டரு. இன்னிக்கு நாஸ்தா துன்ட்டுதான் வந்துகீறேன், நல்லா எழுதிக்கோ."

கூட்டம் சிரித்தது. பக்கத்தில் ஒருவர், "அக்காவே பொய் சொல்லிச்சாமே?" என்று கேட்டார். செய்தி எனக்கு முன்னால் பஸ் ஏறி வந்திருந்தது. வாக்கை வைத்துப் பிழைக்கிற மனுஷி மீது நாங்கள் என்னத்தைப் பூசி அனுப்பியிருக்கிறோம் என்று அப்போதுதான் புரிந்தது. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்றுதான் வந்திருந்தேன். அது போதாது என்று தோன்றியது. எனக்குக் கூட்டத்தில் பேசி வழக்கமில்லை, இருந்தும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"அக்கா பொய் சொல்லலை. சொன்னபடி பட்டினியாத்தான் வந்தாங்க. நாங்க கொடுத்த சீட்டு தப்பு, அதை எழுதினது நான்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இத்த அந்த டாக்டரு சொல்வாரா?" என்று கேட்டார்.

"சொல்லுவார். அது இருக்கட்டும், கடைசியா எப்பக்கா பட்டாணி சுண்டல் சாப்பிட்டீங்க?"

"அத்த ஏன் கேக்கற? சனிக்கெழம. புடவ எட்த்துகினு சம்பந்தி வூட்டோட மாபலிபுரம் போனோம். அந்தம்மா கையால ஒரு பொட்டலம் குட்த்துச்சி. வேணாம்னா தப்பாப்பூடுமேன்னு துன்னேன். உள்ள எறங்காம ஒரே பேஜாரு. அப்பால மறைவா போயி குச்சிட்டு வந்தேன்."

குதித்துவிட்டு வந்தாரா? அவர் எனக்குச் செய்தே காட்டினார். தண்ணீரை மடக்கென்று குடித்து, இரண்டு கையையும் மேலே தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலு குதி. அப்படிக் குதித்தால் கொஞ்சம் இறங்குமாம். பந்தியில் உட்கார்ந்தால் பாதியில் எழுந்து ஓடிப்போய்க் குதிக்க வேண்டும் என்பதால் இருபது வருடமாக எந்தக் கல்யாணத்திலும் இலை முன்னால் உட்கார்ந்ததில்லையாம். மண்டபத்துக்கு வருவார், மொய் எழுதுவார், போய்விடுவார். திமிர் பிடித்தவள் என்று ஊரில் பேச்சு. ஈர மணலில் நின்று கை தூக்கிக் குதித்த அவரைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, அதைவிட அதிகமாக வெட்கமும் வந்தது. சனிக்கிழமை தின்ற பட்டாணியைச் செவ்வாய்க்கிழமை நான் கழுவியிருக்கிறேன்.

டாக்டர் சொன்னார். அக்கா மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, செல்வத்தை வைத்துக்கொண்டே எழுந்து நின்று, "அவசரப்பட்டுட்டேன்மா, தப்பு என்மேலதான்" என்றார். அக்காவுக்கு அது போதும். எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிகிற மருந்தைக் குடிக்கவைத்துப் பார்த்தால், மேலே விரிந்து அடியில் முள்ளங்கி வால் மாதிரி ஒடுங்கிய உணவுக்குழாய். அந்த ஒடுக்கத்தில் பலூனை வைத்து ஊதி, வால்வின் தசையை நெகிழ்த்த வேண்டும். சில பேருக்கு அதில் உணவுக்குழாய் கிழிந்துவிடும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்.

"கீஞ்சா தெப்பியா?" என்று கேட்டார் அக்கா.

"ஆபரேஷன் பண்ணித் தைக்கணும். ரொம்ப நாள் படுக்கணும். கல்யாணத்தைப் பார்க்க முடியாது. உயிருக்கே ஆபத்துகூட வரலாம்."

அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "அது நடந்தா பாத்துக்கலாம். நீ ஊது" என்றார்.

இந்தத் தடவை வருவதற்கு முன்னால் மூன்று நாள் நீராகாரம் மட்டும். நண்டு ரசம் தண்ணீரில் சேர்த்தியா என்று ஆளனுப்பிக் கேட்டார், வடிகட்டினால் சேர்த்தி என்று சொல்லியனுப்பினேன். வந்த அன்று காலை பெரிய குழல் விட்டு, தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவினேன். பிறகு எக்ஸ்ரே அறை. கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருந்தது.

மேசையில் இரண்டு பலூன். ஒன்று சின்ன அளவு, ஒன்று அதற்கு அடுத்த அளவு. பெரியதில் கிழிகிற ஆபத்து அதிகம் என்பதால் முதல் தடவை சின்னதில் தொடங்குவதுதான் முறை. போதவில்லை என்றால் சில வாரம் கழித்துப் பெரியது. ஆனால் சில வாரம் என்பது எங்களிடம் இல்லை. சின்னதை வைத்து அது போதாமல் போனால், அக்கா மறுபடியும் பந்தியிலிருந்து எழுந்து ஓட வேண்டும். டாக்டர் பெரியதைக் கையில் எடுத்தார், கீழே வைத்தார். எக்ஸ்ரேக்குக் காப்பாகப் போட்டிருந்த ஈய அங்கிக்குள் எனக்கு வியர்த்துக் கொட்டியது.

"நீ என்ன சொல்ற?" என்று என்னைக் கேட்டார். அவர் இப்படிக் கேட்பது அதுவும் முதல் தடவை.

"கல்யாணமே இல்லைன்னா எதை எடுப்பீங்க சார்?"

அவர் சின்னதை எடுத்தார். பிள்ளைகளே, இந்த ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். நல்ல நாள், வெளிநாட்டு டிக்கெட், மந்திரி சிபாரிசு, எது வந்து கதவைத் தட்டினாலும் பலூன் அளவைக் காலண்டர் முடிவு செய்யக் கூடாது.

வயிறு வரை இறக்கியிருந்த கம்பியை அசையாமல் பிடித்துக்கொண்டேன். அதன் மேல் பலூன் வழுக்கிக்கொண்டு இறங்கியது. பம்பை அழுத்த அழுத்த எக்ஸ்ரே திரையில் பலூன் உப்பியது, நடுவில் மட்டும் இறுக்கிக் கட்டிய இடுப்பு மாதிரி ஒடுக்கம். பம்பில் அழுத்தம் காட்டுகிற முள் ஏறுகிறது, இடுப்பு நெகிழவில்லை. அக்கா முனகினார். டாக்டர் திரையைப் பார்த்தார், நான் வழக்கம்போல முகத்தைப் பார்த்தேன். வலி இருந்தது, பயப்படும்படியான வெளிறல் இல்லை. "தாங்குறாங்க சார்" என்றேன். இன்னும் கொஞ்சம். சட்டென்று இடுப்பு மறைந்தது. ஒரு நிமிடம் எண்ணிவிட்டுக் காற்றை இறக்கினோம்.

பலூனில் இழையாக ரத்தம் இருந்தது, அது வழக்கம்தான். கழுத்தைத் தடவிப் பார்த்தேன், உள்ளே கிழிந்திருந்தால் தோலுக்கடியில் காற்று வந்து நறநறக்கும், அது இல்லை. எல்லாம் நல்லபடியாக இருந்தும் டீ கேட்ட அக்காவுக்குச் சொட்டுத் தண்ணீர் தரவில்லை. கசிவு இல்லை என்று எக்ஸ்ரே சொல்லும்வரை கிடையாது என்றேன். "கல் மனசுக்காரி" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். சாயந்திரம் மருந்தைக் குடிக்கவைத்துப் படம் எடுத்தோம். அது எங்கும் ஒதுங்காமல், எங்கும் நிற்காமல், நேராக வயிற்றுக்குள் இறங்கியது. டாக்டர் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார், எனக்கு வலித்தது.

சம்பந்தி விருந்துக்கு எங்கள் இருவருக்கும் அழைப்பு. கோவளத்தில் வீட்டு வாசலை அடைத்துப் பந்தல், கறிச் சோறு. மெதுவாக, கறியை நன்றாக மென்று, நடுநடுவே வெந்நீர் குடித்து என்று அக்காவுக்கு ஆயிரம் தடவை சொல்லியிருந்தேன். எதிர் வரிசையில் எங்களுக்கு இலை. அக்காவும், முட்டுக்காட்டிலிருந்து வந்த சம்பந்தியம்மாவும் அருகருகே. சம்பந்தியம்மா முகம் இன்னும் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது. அக்கா முதல் கவளத்தை வாயில் வைத்தார். நானும் டாக்டரும் சாப்பிடவில்லை. அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

விழுங்கினார். கண்ணை மூடிக் காத்திருந்தார். பிறகு அடுத்த கவளம்.

நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்ததில் ஒரு சங்கடம் வந்தது. எல்லோரும் மோர் வரைக்கும் போய்விட்டார்கள், அக்கா இலையில் பாதிச் சோறு இருந்தது. அடுத்த பந்திக்கு ஆட்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். யாரோ ஒருவர் இலையை மூடி எழுந்திருக்கப் போனார். அக்கா அதைப் பார்த்துவிட்டு அவசரமாகக் கையில் சோற்றை அள்ளினார். அவசரப்பட்டால் சோறு நெஞ்சிலேயே நின்றுவிடும். எழுந்து போய்த் தடுக்கவும் முடியாது, ஊரே பார்க்கிறது.

அதுவரை அக்கா விழுங்குவதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த சம்பந்தியம்மா அந்தக் கையைப் பிடித்து இலையிலேயே வைத்தார். பிறகு எழுந்திருக்கப் போனவரைப் பார்த்து, "குந்துங்க அண்ணாத்த. என் சம்பந்தி துன்னுகினு கீறாங்க" என்றார். காலியாகிவிட்ட தன் இலைக்கு, "எனக்கும் இன்னும் கொஞ்சம் சோறு போடுப்பா" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். எழுந்தவர் உட்கார்ந்தார். வரிசை முழுவதும் உட்கார்ந்திருந்தது. பின்னால் நின்றவர்கள்கூட முணுமுணுக்கவில்லை.

அக்கா மெதுவாக மென்றார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. டாக்டர் தன் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். சம்பந்தியம்மா வயிறு நிறைந்திருந்தும், போட்ட சோற்றை ஒவ்வொரு பருக்கையாகத் தின்றபடி அக்காவுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இலையை மூடினார்கள்.